ஏழாம் பக்கத்தில் ஒரு டப்பா

முப்பத்து நான்கு வருடம் இயந்திரப் பாகங்களை வரைந்து சம்பளம் வாங்கியவள் நான். புனேயைச் சுற்றியுள்ள வண்டித் தொழிற்சாலைகளில் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். நட்டு, போல்ட்டு, பற்சக்கரம், எதைக் கொடுத்தாலும் மூன்று பக்கமிருந்து பார்த்து, அளவு போட்டு, மயிரிழை பிசகாமல் வரைந்துவிடுவேன். மனித முகம் மட்டும் வராது. மூக்கை வரைந்தால் அதற்கு நடுவில் ஒரு மையக்கோடு போடக் கை பரபரக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் பேனாவை மாற்றினேன், தாளை மாற்றினேன், மூக்குக் கண்ணாடியையும் மாற்றினேன். முகம் மாறவில்லை.

இந்த வயதில் முகத்துக்கு என்ன அவசரம் என்றால், ஓய்வு பெற்ற பிறகு புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு காமிக்ஸ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எழுதுபொருள் கடை ஒன்றின் மாடியில் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் கூடுவோம். அவரவர் வாழ்க்கையை அவரவரே கட்டம் போட்டு, படம் போட்டு, பேச்சு எழுத வேண்டும். என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. புறநகரான வாகட்டில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டில் பார்க்கும் கணினிப் பிள்ளைகளைப் போலவே இவர்களும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இந்தத் தடவை வகுப்பை நடத்தும் பெண் ஒரு தலைப்புக் கொடுத்தாள். நாடு கலங்கிய நாளில் நாம் சின்னப் பிள்ளையாக இருந்து என்ன பார்த்தோம். ஆளுக்கு எட்டுப் பக்கம். ஒரு மாதம் கழித்துச் சுவரில் மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். வடகிழக்கிலிருந்து வந்த ஒரு பெண், ஊரடங்கால் தன் கணக்குப் பரீட்சை நின்றுபோன சந்தோஷத்தை வரைந்தாள். பிறகு அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டதையும் வரைந்தாள். ஆன்ட்டி காலத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்கள். கேட்ட தோரணையைப் பார்த்தால் உப்புக் காய்ச்சப் போனேன் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். நெருக்கடி நிலை என்றேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த நாட்களில் நாங்கள் கேம்ப்பில் ஓட்டு வீடுகள் ஆறு சேர்ந்த ஒரு வரிசையில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்தவர். அடுத்த வீட்டில் ஒரு மராத்திப் பள்ளி மாஸ்டர், அவர் மனைவி, அவர்கள் மகள். அந்தப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் அம்மாவை நான் காகூ என்பேன். நம் ஊரில் சித்தி என்பது போல அங்கே காகூ. அந்தப் பெண் என் அப்பாவைக் காகா என்பாள், சித்தப்பா என்பது போல.

எனக்கு நினைவிருப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி பஸ்ஸில் பலகை மாட்டியிருந்தார்கள். அப்பா அரை மணி முன்னதாகவே ஆபீசுக்குக் கிளம்பினார், நேரம் தவறினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று. தினமும் காலையில் பேப்பரை உரக்கப் படித்து எல்லோருக்கும் விளக்கம் சொல்லும் மாஸ்டர், படிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று நிறுத்திவிட்டார். ஒரு சங்கராந்தி முடிந்து மூன்றாம் நாள் காலை, குழாயடியில் கூட்டமாக இருந்த நேரத்தில், ஜீப் வந்தது. மாஸ்டர் பாதிச் சவரத்தில் இருந்தார். மீதியை முடிக்க விட்டார்கள். யாரோ ரகசியமாக அச்சடித்த தாள்களை அவர் வீடு வீடாகக் கொடுத்தார் என்பது குற்றம். முகம் கழுவி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஏறிப் போனார். எரவாடா சிறையிலிருந்து திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று.

இதை வரைந்த நான்காம் பக்கம் எனக்கு நன்றாக வந்தது. முகத்தில் பாதி சோப்பு நுரை என்பதால் பாதி வேலை மிச்சம்.

ஆனால் எனக்கு உயிரான பக்கம் ஏழாவது. மாஸ்டர் போன பிறகு என் அம்மா வாராவாரம் இட்லியும் மிளகாய்ப் பொடியும் டப்பாவில் வைத்துக் காகூவிடம் கொடுப்பாள். காகூ அதைச் சிறைக்கு எடுத்துப் போவாள். மாஸ்டருக்கு எங்கள் வீட்டுப் பொடி என்றால் உயிர். பின்கட்டுச் சுவருக்கு மேலே இரண்டு பெண்களின் நான்கு கைகள், நடுவில் டப்பா. அவ்வளவுதான் படம். முகமே இல்லை. இந்தக் கதையை நான் ஆபீஸ் கேன்டீனில் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கதவைச் சாத்தியபோது எங்கள் வீடு மட்டும் சாத்தவில்லை என்று முடிப்பேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கும்.

டப்பாவுக்கு மாதிரி தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் சமையலறையிலேயே ஒரு பழைய எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அம்மா இறந்தபோது, பத்து வருடத்துக்கு முன்னால், பரணை ஒழித்ததில் கிடைத்தது. கழுவிப் பொடி போட்டு வைத்துக்கொண்டேன். அதையே மேஜை மேல் வைத்துப் பார்த்து வரைந்தேன். மூடியின் குமிழ் உடைந்து யாரோ பித்தளை போல்ட்டு ஒன்றை முடுக்கியிருக்கிறார்கள்; அதன் மரையை ஒன்றுவிடாமல் எண்ணிப் போட்டேன். வயிற்றுப் பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு; அதையும் மெல்லிய கோடுகளால் காட்டினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் வீட்டுக்குள் சுற்றினேன்.

மாட்டுவதற்கு முன்னால் ஒருத்தியிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். மாஸ்டரின் மகள்தான். மாஸ்டர் விடுதலையாகி வந்ததும் அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போனார்கள். எங்கள் முப்பதாவது வயதில் பஸ்ஸில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். அவளும் அப்பாவைப் போல ஆசிரியையாகி, கல்யாணமாகி, சுற்றி வந்து மறுபடி கேம்ப்பிலேயே குடியிருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு அவள் வீட்டில் எனக்கு டீ என்பது இத்தனை வருடமாக மாறாத ஏற்பாடு. கேன்டீன் முழுக்கச் சொன்ன கதையை அவளிடம் மட்டும் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது ஏன் என்று அதுவரை எனக்குத் தோன்றவும் இல்லை.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தாள். நுரை முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பாபாவேதான். கன்னத்தைக்கூடக் கோணலா வச்சுட்டே," என்றாள். எங்கள் பேச்சு மராத்தியில், எழுதுவதற்காகத் தமிழாக்குகிறேன்; அப்பாவைப் பாபா, அம்மாவை ஆயி என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"இந்த டப்பாவை எதைப் பார்த்து வரைஞ்சே?"

"எங்க வீட்டு டப்பா. இப்பவும் இருக்கு."

"மூடியில இந்த போல்ட்டும் இருக்கா?"

"இருக்கு. எண்ணிப் பார்த்துத்தான் போட்டேன்."

அவள் விரலை அந்தப் போல்ட்டின் மேல் வைத்தாள். "இது பாபா முடுக்கினது. பழைய சைக்கிளிலிருந்து கழட்டி எடுத்தாரு. நான்தான் பக்கத்துல உட்கார்ந்து திருப்புளி எடுத்துக் கொடுத்தேன்." பிறகு விரல் திட்டின் மேல் வந்தது. "இங்கே பாபா பேரு வெட்டியிருக்கும். அதை ஏன் விட்டுட்டே?"

"நான் விடலையே. அங்கே பேரு எதுவும் இல்லை. மங்கலா ஒரு திட்டுதான் இருக்கு, அதை அப்படியே போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்குமே விஷயம் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. டீயை வடிகட்டப் போனாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே சொன்னாள்.

அந்தச் சங்கராந்திக்குக் காகூ அந்த டப்பாவில் எங்களுக்கு எள்ளுருண்டை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எள்ளையும் வெல்லத்தையும் வாங்கிக்கொள், இனிமையாகப் பேசு என்று சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாஸ்டருக்குப் பிடித்த பொடியை இடித்துப் போட்டுக் கொடுக்கலாம் என்று அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. பத்து நாள் கழித்து, சிறைக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி கிடைத்தது. காகூவிடம் இறுக்கமான மூடியுள்ள டப்பா அது ஒன்றுதான். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டிருக்கிறாள்.

"காகா கதவை நாலு விரல்கடை திறந்தாரு. எங்ககிட்ட இல்லைன்னாரு. சாத்திட்டாரு. நான் ஆயி சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்போ எங்கம்மா கொடுத்தனுப்பின இட்லி?" என்று கேட்டேன்.

"எந்த வீட்டிலிருந்தும் எதுவும் வரலை. ஆறு வீடும் சாத்தித்தான் இருந்தது. உங்க வீட்டை மட்டும் தனியாச் சொல்லக் கூடாது." டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "படம் நல்லாயிருக்கு. மாட்டிடு. இப்படி நடந்திருந்தா ஆயி சந்தோஷப்பட்டிருப்பா."

அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, எழுந்து வந்திருப்பேன். மாட்டிடு என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே இத்தனை வருடம் எனக்கு டீ வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள். டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றொரு வயது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது. டிவியை அணைத்துவிட்டு டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பா, இது யாரோட டப்பா?"

"நம்ம டப்பாதான். வேற யாரு டப்பா?"

"இந்த இடத்துல என்ன இருந்தது?"

"என்ன இருந்துச்சு? உங்கம்மை தேச்சுத் தேச்சுப் போயிருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதுவும் யாரிடம்? தேய்ந்த பாகங்களைக் கையில் வாங்கி, அளந்து, வரைந்தே தலை நரைத்தவளிடம். பாத்திரம் தேய்ப்பவள் கை வட்டமாகச் சுற்றும், இங்கே எல்லாக் கோடும் ஒரே திசையில் நேராக ஓடுகிறது, இது உப்புத்தாள், யாரோ உட்கார்ந்து பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்சம் அதிகப்படியான குரலில்தான் சொன்னேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவுக்கு வைத்த தோசையைத் தொடவில்லை.

மறுநாள் காலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பயந்துட்டேன்ளா," என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தனக் கூப்புட்டு வச்சு நாள் பூரா கேட்டாவ. என்ன தப்புன்னா, அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில, உள்ள போனவரு ஒருத்தரு பேரு இருந்துச்சாம். அதக் கேட்டதுல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. நம்ம வீட்ல என்ன இருக்கு, என்ன இருக்குன்னு பாத்தேன். டப்பா இருந்துச்சு. அடுக்களையில அவரு பேரு. உப்புத்தாள் வாங்கியாந்து தேச்சேன்."

"அதுக்குப் பதிலா அப்பவே கொண்டு போய்க் கொடுத்திருக்கலாமே?"

"எப்பிடிக் கொடுக்க? வாசல்ல போலீசு ஆளு நிக்கான், அந்த வீட்டுப் படி ஏறுனா எழுதிக்கிடுவான்னு நெனச்சேன். ஒருத்தனும் நிக்கல. அது பொறவுதான் தெரிஞ்சுது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் அப்பாவின் பேய் ஒரு எவர்சில்வர் டப்பாவாக இருந்திருக்கிறது.

"பொறவு அந்தம்மா வந்து கேட்டாவ. டப்பா உள்ளதான் இருக்கு. உங்கம்மை கையிலதான் இருக்கு, கதவுக்கு இந்தப் பக்கம். பேரில்லாத டப்பாவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொடுக்க? இல்லைன்னுட்டேன்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. டப்பாவக் கொண்டு போயி பரண்ல போட்டா. அப்புறம் அவ அதத் தொடவே இல்ல. நீதான் எடுத்துப் பொடி போட்டு வச்ச."

எனக்குக் கோபம் வந்தது. தொண்ணூறு தாண்டிய மனிதர் மேல் கோபப்படுவதற்குக் கூச்சமாக இருந்தும் வந்தது. அதைவிட அதிகமாக என் மேலேயே வந்தது. அம்மா பிற்காலத்தில் யார் யாருக்கோ இட்லி கொடுத்தனுப்பியிருக்கிறாள். பிரசவித்த வீடு, சாவு வீடு என்று. அந்தக் கைகளை எடுத்து இந்தச் சுவரின் மேல் ஒட்டவைத்தது நான்தான். வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதி, வரைபடத்தில் அளவு குறிக்காத இடத்தை நீயாக ஸ்கேல் வைத்து அளந்து ஊகிக்காதே, போய்க் கேள் என்பது. முப்பத்து நான்கு வருடம் அதைக் கடைப்பிடித்தேன். என் சொந்த வீட்டைப் பற்றி மட்டும் கேட்காமலே அளவு போட்டுவிட்டேன்.

"அத நாலு பேரு பாக்குத சுவத்துல மாட்டப் போறியோ?" என்று அப்பா கேட்டார்.

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. நடந்ததை வரைந்து மாட்டினால், வாழ்நாளெல்லாம் ஒருவரிடம் ஒரு சொல் வாங்காமல் இருந்த மனிதரை, கடைசிக் காலத்தில் கதவு சாத்தியவராக ஊர் முன்னால் நிறுத்த வேண்டும். பழைய பக்கத்தை மாட்டினால், அதற்கு எதிரில் மாஸ்டரின் மகள் வந்து நின்று நன்றாயிருக்கிறது என்று மறுபடியும் சொல்வாள். எட்டுப் பக்கத்தில் ஏழாவதை எடுத்துவிட்டு மாட்டலாம் என்றும் யோசித்தேன். அதுவும் உப்புத்தாள் வேலைதான்.

சுவரில் மாட்ட வேண்டிய சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் பழைய வேலையின் வழக்கம்தான் கை கொடுத்தது. எங்கள் தொழிலில் பிழையான அளவை யாரும் அழிக்க மாட்டோம். அதன் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, மூலையில் இருக்கும் சிறிய கட்டத்தில் என்ன மாற்றம், யார் மாற்றியது, யார் சரிபார்த்தது என்று குறிக்க வேண்டும். எதை நம்பி முன்னால் வேலை நடந்தது என்று பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இல்லையென்றால் நேற்று வெட்டிய பாகமும் இன்று வெட்டிய பாகமும் ஏன் பொருந்தவில்லை என்று ஒருவருக்கும் விளங்காது.

ஏழாம் பக்கத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். நான்கு கைகளும் டப்பாவும் அப்படியே தெரிந்தன. புதுத் தாளில் ஏழு-அ என்று எண்ணிட்டு ஒரே கட்டமாக வரைந்தேன். நடுவில் கதவின் விளிம்பு, மேலிருந்து கீழ்வரை. அந்தப் பக்கம் காகூ, அவள் சேலையைப் பிடித்தபடி ஒன்பது வயது மகள். இந்தப் பக்கம் தாழ்ப்பாள் மேல் அப்பாவின் கை. பின்னால் டப்பாவைப் பிடித்தபடி அம்மா. அம்மா முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அளவு தெரியவில்லை என்று எழுதினேன். அறையில் நானும் இருந்திருப்பேன், எங்கே என்று நினைவில்லை. அதனால் என்னை வரையவில்லை.

மூலையில் கட்டம் போட்டு, மாற்றியவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை இட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, இரண்டு பக்கத்தையும் அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் வேண்டாம் என்றால் மாட்ட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையில் பேனா கேட்டார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் கையிலிருக்கும் டப்பாவில், நான் மங்கலாகக் காட்டியிருந்த திட்டின் மேல், மராத்தி எழுத்தில் ஒரு பெயரை எழுதினார். அப்பாவுக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. எழுதி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக, முதலெழுத்து உட்பட, வெட்டியிருந்த விதத்திலேயே இறக்கி வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து எடுத்தவர் இல்லையா.

"டப்பாவக் கொண்டு கொடுக்கணும்," என்றார்.

"நான் கொடுத்துடறேன்பா. சனிக்கிழமை கேம்ப்புக்குத்தானே போறேன்."

"நீ எதுக்குக் கொடுக்க? இல்லைன்னு சொன்னது நானு."

வெள்ளிக்கிழமை மிளகாயும் உளுந்தும் வறுத்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எள்ளு காணாது, இன்னும் ஒரு கைப்பிடி போடு என்று மூன்று தடவை சொன்னார். மிக்சியை எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் சமையலறையில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டப்பாவை நன்றாகத் துடைத்து, பொடியை நிறைத்து மூடினேன்.

சனிக்கிழமை காலை ஒரு டாக்ஸி பிடித்தோம். வாகட்டிலிருந்து கேம்ப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சுருட்டிய பக்கங்கள் என் மடியில், டப்பா அப்பாவின் மடியில். நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டும் தரவில்லை. பள்ளத்தில் வண்டி குதித்தபோதெல்லாம் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வீடு தெருவிலிருந்து மூன்று படி உயரத்தில் இருக்கிறது. மணியை நான்தான் அடித்தேன்.

அவள் கதவை முழுவதும் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு கீழ்ப்படியில் நின்ற அப்பாவை, பிறகு டப்பாவை.

அப்பா இரண்டு கைகளாலும் டப்பாவை நீட்டினார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மராத்தியில் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

"உங்க அம்மா வந்து டப்பா இருக்கான்னு கேட்டாங்க. எங்ககிட்டதான் இருக்கு."

அவள் டப்பாவை வாங்கவில்லை. மூன்று படியும் இறங்கி வந்து, முதலில் அவர் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏற்றினாள்.